சப்பை மூக்கு நாய்க்கு வாய்க்கூடு பொருத்தி நடக்கக் கூட்டிச் செல்லும் முறை

மாலையில் ஒழுங்கையால் நடந்து வரும்போது, மதிலோரம் எவரோ வீசிவிட்டுப் போன சோற்றுப் பார்சலுக்குள் கிடக்கும் கோழி எலும்பை நாம் காண்பதற்கு முன்னரே நாய் கண்டுவிடும். எங்கள் வீட்டுப் பக் இன நாய் அப்படியொரு எலும்பை விழுங்கிவிட்டு விடியும்வரை ஓங்காளித்துக்கொண்டிருந்த பிறகுதான் அதற்கு வாய்க்கூடு வாங்கினோம். வாங்கியது பிழையான கூடு. படலைக்கு வெளியே பத்தடி நடப்பதற்குள் நாய் முன்னங்காலால் ஒரு தட்டுத் தட்டியதும் அது கழன்று விழுந்தது.

பிழை நாயினுடையதன்று. நெற்கதிர் மிதித்துச் சூடடிக்கும் மாட்டுக்குக் கட்டும் கயிற்றுக்கூடாயினும், கடையில் விற்கும் சாதாரண நாய்க்கூடாயினும், நீண்ட மூஞ்சியைப் பிடித்துத்தான் நிற்கும். பக், ஷிட்ஸு, பிரெஞ்சு புல்டோக் போன்ற நாய்களுக்குப் பிடிக்க மூஞ்சியே இல்லை. கழன்று விழுகிறதே என்று வாரை இறுக்குவதுதான் பலர் செய்வது. அதுவே மிகப் பெரிய ஆபத்து. நாய்க்கு உடலைக் குளிர்விக்கும் வியர்வைச் சுரப்பிகள் பெரும்பாலும் பாதங்களில் மட்டுமே உள்ளதால், அது வாயை அகலத் திறந்து இளைத்துத்தான் தன் உடற்சூட்டைத் தணிக்கிறது. சப்பை மூக்கு நாய்கள் பலவற்றுக்கோ மூக்குத்துவாரம் ஒடுங்கியும், அண்ணத்தின் பின்பகுதி நீண்டு மூச்சுப்பாதையை மறித்தும் இருப்பதால், வாய்க்கூடு இல்லாமலேயே அவை மூச்சுக்குப் போராடுகின்றன. ஆகையால் வாயைச் சுற்றி இறுக்கிக் கட்டும் நைலோன் பட்டியை இவற்றுக்கு ஒருபோதும் போட்டு நடக்கவிடக் கூடாது.

இவற்றுக்கென்றே முகம் முழுவதையும் மூடும் வலைக்கூடுகள் விற்கப்படுகின்றன. அவற்றில் கண்களுக்குத் திறப்பும், காதுகளுக்குப் பின்னால் பூட்டும் வாரும் இருக்கும். வாங்குவதற்கு முன் மூன்று அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள்: காதுகளுக்குச் சற்றுப் பின்னால் கழுத்தின் சுற்றளவு, கண்களுக்கு மேலே நெற்றியைச் சுற்றிய அளவு, மூக்கு நுனியிலிருந்து கண்களுக்கு நடுவரையான நீளம். நாய் ஓடி விளையாடி நாக்கைத் தொங்கவிட்டு இளைக்கும்போது வாய் எவ்வளவு தூரம் திறக்கிறது என்பதையும் பார்த்து, அவ்வளவு இடம் கூட்டின் முன்பகுதியில் இருக்கிறதா என்று சரிபாருங்கள். போட்ட பின் அது கொட்டாவி விடவும், நாக்கை நீட்டவும், கூட்டினூடே தண்ணீர் நக்கிக் குடிக்கவும் முடியாவிட்டால், அந்தக் கூடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். கழுத்து வாருக்குள் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும். இந்நாய்களின் கண்கள் வெளியே துருத்தி நிற்பவை என்பதால், வலையின் விளிம்பு கண்ணில் உராயாமல் இருப்பதைத் தலையை இருபுறமும் திருப்பிப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

வாங்கிய அன்றே மாட்டிவிட்டுத் தெருவுக்கு இறங்காதீர்கள். முதல் இரண்டு மூன்று நாட்கள் கூட்டை உள்ளங்கையில் வைத்து, அதற்குள் அவித்த கோழித்துண்டையோ ஈரல்துண்டையோ வைத்து, நாய் தானாக முகத்தை நுழைத்து எடுக்கும்வரை பொறுத்திருங்கள். பிறகு வாரைப் பூட்டாமல் சில விநாடிகள், அதன்பின் பூட்டி அரை நிமிடம், அதன்பின் முற்றத்தில் ஒரு சுற்று என்று நேரத்தைக் கூட்டிக்கொண்டு போக, பெரும்பாலும் இரண்டு கிழமைகளில் பழகிவிடும். இடையில் நாய் முன்னங்காலால் தட்டிக் கழற்ற முயன்றால் முந்திய படிக்குத் திரும்புங்கள். அவசரப்படுத்திப் பழக்கிய நாய் கூட்டைக் கண்டதும் கட்டிலுக்குக் கீழே போய்விடும். பிறகு அதை வெளியே எடுப்பதே ஒரு வேலை.

யாழ்ப்பாணத்து வெயிலில் நேரம் பார்ப்பது கூட்டைவிட முக்கியம். ஏப்ரல் நடுப்பகுதியில் சூரியன் நம் உச்சிக்கு நேரே நிற்கும் நாட்களில், காலை ஏழு மணிக்கு முன்னரும் இருட்டிய பின்னரும் தவிர வெளியே கொண்டுபோக வேண்டாம். கடலேரியைக் கடக்கும் பண்ணைப் பாலத்தில் காற்று வீசினாலும் தார் வீதி சுட்டுக்கொண்டுதான் இருக்கும். புறங்கையை வீதியில் ஏழு விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் திரும்பிவிடுங்கள். ஆரம்பத்தில் பத்து நிமிட நடை போதும். கயிற்றைக் கழுத்துப் பட்டியில் கொழுவாமல் மார்புப் பட்டியில் கொழுவுங்கள். வாய்க்கூடு போட்ட நாயால் கட்டாக்காலி நாய்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள முடியாது என்பதால், கையில் குடையொன்று இருப்பது நல்லது. விசர்நாய்த் தடுப்பூசியையும் காலம் தவறாமல் போட்டிருக்க வேண்டும். வாய்க்கூட்டைக் கண்டவர்கள் “கடிக்குமோ?” என்று விலகிப் போவார்கள், போகட்டும், நாய்க்கும் அது நிம்மதிதான்.

மூச்சுச் சத்தம் வழமையைவிடக் கரகரத்தாலோ, எச்சில் தடித்துத் தொங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, நாக்கு நீலம் பாய்ந்தாலோ கூட்டை அந்த இடத்திலேயே கழற்ற வேண்டும். நிழலுக்குத் தூக்கிச் சென்று உடல் முழுவதும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள். வாய்க்குள் தண்ணீரை வலிந்து ஊற்றக் கூடாது, புரையேறும்.

வீட்டுக்கு வந்ததும் கூட்டைக் கழற்றி, கண் சிவந்திருக்கிறதா, ஒரு கண்ணை மட்டும் சுருக்குகிறதா என்று பாருங்கள். அப்படியானால் மறுநாள்வரை காத்திருக்காமல் வைத்தியரிடம் காட்டுங்கள். முகமடிப்புகளை ஈரத்துணியால் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் ஒற்றுங்கள். கூட்டைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நிழலில் காயவிடுங்கள். ஈரம் காயாத கூட்டை மறுநாள் மாட்டினால் மடிப்புகளுக்குள் புண் வரும்.