‘எம்ஃபசைஸ்’ வினையைப் பிழையில்லாமல் பயன்படுத்துவது எப்படி?

ஆங்கிலத்தில் ‘எம்ஃபசைஸ்’ (emphasize) என்றால் வலியுறுத்து, அழுத்திச் சொல். பொருள் அவ்வளவுதான். அதை வாக்கியத்துக்குள் வைக்கும்போதுதான் தொல்லை தொடங்குகிறது. மின்னஞ்சல், அறிக்கை, மேடைப் பேச்சு என எங்கும் ‘எம்ஃபசைஸ் ஆன்’ நடமாடுகிறது. அந்த ‘ஆன்’ அங்கே வரக்கூடாது. செயப்படுபொருள், வேற்றுமை உருபு எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

படி 1: வினையா, பெயரா என்று பாருங்கள்

‘எம்ஃபசைஸ்’ வினை. அதற்குப் பின்னால் பொருள் நேரடியாக வந்து உட்காரும்: ‘ஷி எம்ஃபசைஸ்டு தி நீட் ஃபார் ப்ராக்டிஸ்.’ நடுவில் எதுவும் வேண்டாம்.

‘எம்ஃபசிஸ்’ பெயர்ச்சொல். அதற்கு முன்னால் ‘புட்’, ‘ப்ளேஸ்’, ‘லே’ இவற்றில் ஒன்று வரும், பின்னால் ‘ஆன்’ வரும்: ‘ஷி புட் எம்ஃபசிஸ் ஆன் ப்ராக்டிஸ்.’

இரண்டும் குழம்பினால் தமிழில் சொல்லிப் பாருங்கள். ‘பயிற்சியின் தேவையை வலியுறுத்தினார்’ என்பதில் ‘ஐ’ உருபு இருக்கிறது. அப்படியானால் வினை, ‘ஆன்’ கிடையாது. ‘பயிற்சிக்கு முக்கியத்துவம் கொடுத்தார்’ என்பதில் ‘கு’ உருபு. அப்படியானால் பெயர்ச்சொல், ‘ஆன்’ உண்டு. ஆங்கில இலக்கணத்துக்குத் தமிழ் இவ்வளவு ஒத்துழைப்பது அபூர்வம், பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு ஏன் ‘ஆன்’ ஒட்டிக்கொள்கிறது? பக்கத்து வீட்டுப் பழக்கம்தான் என்று நினைக்கிறேன். ‘ஃபோகஸ் ஆன்’, ‘கான்சன்ட்ரேட் ஆன்’, ‘இன்சிஸ்ட் ஆன்’ எல்லாம் சரியானவை. அவற்றோடு புழங்கிப் புழங்கி இதற்கும் வந்துவிடுகிறது. ‘ஸ்ட்ரெஸ்’ என்பதை வினையாக எழுதும்போதும் இதே கதை: ‘ஸ்ட்ரெஸ்டு தி பாயின்ட்’ சரி, ‘ஸ்ட்ரெஸ்டு ஆன் தி பாயின்ட்’ தவறு.

படி 2: எந்த ‘வலியுறுத்து’?

எனக்கு அதிக நேரம் பிடித்த இடம் இது. அகராதி ‘வலியுறுத்து’ என்று ஒரே சொல்லைத் தருகிறது. ஆனால் நம் செய்தித் தமிழில் அந்தச் சொல் குறைந்தது மூன்று வேலை பார்க்கிறது.

‘பாதுகாப்பின் அவசியத்தை வலியுறுத்தினார்’: ஒரு கருத்துக்கு அழுத்தம் தருகிறார். இது ‘எம்ஃபசைஸ்’.

‘போராட்டத்தைக் கைவிடும்படி அவர்களை வலியுறுத்தினார்’: ஒருவரை ஒரு செயலுக்குத் தூண்டுகிறார். இது ‘அர்ஜ்’. ‘ஹி அர்ஜ்டு தெம் டு...’ என்று எழுத வேண்டும். ‘ஹி எம்ஃபசைஸ்டு தெம் டு...’ என்ற அமைப்பே ஆங்கிலத்தில் இல்லை.

‘தானே நேரில் வருவேன் என்று வலியுறுத்தினார்’: விடாப்பிடியாக நிற்கிறார். இது ‘இன்சிஸ்ட்’.

சோதனை எளிது. வலியுறுத்தப்படுவது ஆளா, கருத்தா? ஆளை ஒன்றைச் செய்யச் சொல்கிறார் என்றால் ‘எம்ஃபசைஸ்’ வேண்டாம். அதே செய்தியைக் கருத்தாக மாற்றினால் வரலாம்: ‘ஹி எம்ஃபசைஸ்டு தட் தே ஷுட் ஸ்டாப்.’ ‘தட்’ போட்டு முழு வாக்கியத்தையே பின்னால் தொங்கவிட இந்த வினை அனுமதிக்கிறது. யாரிடம் சொன்னார் என்பதும் தேவைப்பட்டால் ‘டு’ சேர்க்க வேண்டும்: ‘ஹி எம்ஃபசைஸ்டு டு மீ தட்...’ இந்த ‘டு’ இல்லாத ‘எம்ஃபசைஸ்டு மீ தட்’ தவறு.

பேசுபவர் மனிதராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஓர் அறிக்கையும் ஒரு கருத்தை எம்ஃபசைஸ் செய்யலாம், தடித்த எழுத்தும் செய்யலாம். ஒரு நிகழ்ச்சி தானாகவே ஒரு தேவையை உணர்த்துகிறது என்றால் ‘அண்டர்லைன்’, ‘அண்டர்ஸ்கோர்’ இன்னும் பொருத்தம் என்பது என் கருத்து.

படி 3: எழுத்தும் ஒலியும்

கடைசியில் ‘இசட்’டா, ‘எஸ்’ஸா? அமெரிக்க ஆங்கிலத்தில் ‘இசட்’. பிரிட்டனில் ‘எஸ்’ அதிகம், ‘இசட்’டும் தவறல்ல. ‘எஸ்’ போட்டதும் கணினி சிவப்புக் கோடு இழுத்தால், மொழி அமைப்பு அமெரிக்க ஆங்கிலத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே கோப்பில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.

ஒலியில் அழுத்தம் முதல் அசைக்கு: ‘எம்’. ‘எம்ஃபாட்டிக்’ என்ற பெயரடைக்கு வரும்போது அது ‘ஃபாட்’டுக்கு நகர்ந்துவிடும்.

கருவிகள்

மொழிபெயர்ப்புச் செயலியை இதற்கு நம்பாதீர்கள். அது சொல்லைத் தரும், சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்பதை விளக்காது. கேம்பிரிட்ஜ், லாங்மன், ஆக்ஸ்ஃபோர்டு ஆகியவற்றின் மாணவர் அகராதிகள் இணையத்தில் இலவசம். என் தேர்வு லாங்மன், எடுத்துக்காட்டு வாக்கியங்களுக்காக. லாங்மனைத் திறந்தால் ‘ட்ரான்சிட்டிவ்’ என்ற குறிப்பைத் தேடுங்கள், கேம்பிரிட்ஜில் ‘டி’ என்ற ஒற்றை எழுத்தாக இருக்கும். செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும் வினை என்பது அதன் பொருள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்தவர்கள் கேட்டதால் இரண்டு விஷயம்.

செயப்பாட்டு வினையில் என்ன ஆகும்? ‘தி நீட் வாஸ் எம்ஃபசைஸ்டு’ என்று அப்படியே நிற்கும். இங்கேயும் ‘ஆன்’ இல்லை. ‘எம்ஃபசிஸ் வாஸ் ப்ளேஸ்டு ஆன்...’ என்றால் அது பெயர்ச்சொல், படி 1 பொருந்தும்.

அப்புறம், ‘ஐ கான்ட் எம்ஃபசைஸ் திஸ் எனஃப்’. ‘என்னால் போதிய அளவு வலியுறுத்த முடியவில்லை’ என்று இயலாமையாகப் படித்துவிடுகிறார்கள். ‘எவ்வளவு வலியுறுத்தினாலும் தகும்’ என்பதுதான் கருத்து. ‘கேனாட் பி ஓவர்எம்ஃபசைஸ்டு’ என்பதும் அதேதான். அதில் ‘ஓவர்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘அண்டர்’ போட்டால் பொருள் தலைகீழாகிவிடும். ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களும் இதில் சறுக்குவது உண்டு. சந்தேகமாக இருந்தால் ‘திஸ் இஸ் வெரி இம்பார்ட்டன்ட்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுங்கள்.