முதலில் பைப் வாங்காதீர்கள்: பழைய டூ ஸ்ட்ரோக் குவாடை மோட்டோகிராஸுக்கு இறக்கும்போது நடக்கும் தவறுகள்

பழைய டூ ஸ்ட்ரோக் ஸ்போர்ட் குவாட் (கைப்பிடியால் திருப்பும் நான்கு சக்கர வண்டி) ஒன்று மோட்டோகிராஸுக்காக, அதாவது மேடுகளில் தாவி ஓட்டும் மண் பாதை ரேஸுக்காக, கைக்கு வந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, எக்ஸ்பான்ஷன் பைப் (புகை வெளியேறும், நடுவில் உப்பிய குழாய்) வாங்குவது. அப்புறம் பெரிய கார்புரேட்டர், ரீட் வால்வ் (இன்டேக்கில் உள்ள ஒருவழிக் கதவு), சிலிண்டர் போர்ட்டிங் (சிலிண்டரின் துவாரங்களை வெட்டி மாற்றுவது). பணம் தீர்ந்த பிறகுதான் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) ஃபிரேமும் ஞாபகத்துக்கு வரும். வரிசையே தலைகீழ். இந்த வண்டிகளுக்கு வேகத்தில் குறை கிடையாது, வயசுதான் பிரச்சினை. ஹோண்டா டிஆர்எக்ஸ்250ஆர் 1986 முதல் 1989 வரை மட்டுமே வந்தது. சுசூகி எல்டி250ஆர் 1985இல் தொடங்கி 1992இல் நின்றுவிட்டது. கவாசாகி டெகாட்டே-4 இரண்டே வருடம். யமஹா பான்ஷீ மட்டும் 1987இல் ஆரம்பித்து அமெரிக்காவில் 2006 வரை தாக்குப்பிடித்தது. பான்ஷீயை விட்டுவிட்டால் மற்ற எல்லாமே முப்பதைத் தாண்டிய இரும்பு.

அந்த இரும்பைச் சரியாகப் பார்க்காமல் பவுடர் கோட்டிங்குக்கு அனுப்புவது பெரிய தவறு. பளபளப்பான பூச்சுக்குள் விரிசல் அழகாக ஒளிந்துகொள்ளும். எஞ்சினை இறக்கி, கிரீஸை முழுதாகக் கழுவி, சந்தேகம் உள்ள இடத்தில் மண்ணெண்ணெய் தடவி அரை மணி நேரம் விடுங்கள். துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் மெதுவாக வெளியே கசிந்து, வெள்ளைத் தூளில் தலைமுடி போல ஒரு கோடு எழும். கீழ் ஏ-ஆர்ம் (முன்சக்கரத்தை ஃபிரேமோடு இணைக்கும் கை) பொருந்தும் காதுகள், ஷாக்கின் மேல் மவுன்ட், ஃபுட்பெக் வெல்டிங், ஸ்விங்ஆர்ம் பிவட் (பின் ஆக்சிலைத் தாங்கும் கை ஃபிரேமில் ஆடும் இடம்) இவற்றை விடாமல் பாருங்கள். விரிசல் மேலேயே ஒரு வெல்டிங் கோடு இழுத்துவிட்டால் போதாது. அதன் இரண்டு முனையிலும் சிறு துளை போட்டு, வி வடிவில் அரைத்து, உள்வரை வெல்டு ஏற்றி, மேலே தகடு வைத்துப் பலப்படுத்த வேண்டும். மோட்டோகிராஸில் ஒவ்வொரு லேப்பிலும் வண்டி மேலிருந்து விழுகிறது. பாதி வேலை முதல் ரேஸிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது கிராங்க் சீல், அதாவது பிஸ்டனின் அசைவைச் சுழற்சியாக்கும் தண்டின் முனைகளை அடைக்கும் சீல். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க் கேஸுக்குள் போய், அங்கே அழுத்தம் பெற்றுத்தான் சிலிண்டருக்கு ஏறுகிறது. ஆகவே கிராங்க் கேஸ் காற்றுப்புகாமல் இருந்தே ஆக வேண்டும். கிராங்க்கின் இரு முனையிலும் உள்ள ரப்பர் சீல்கள் வயசாகிக் காய்ந்துபோயிருக்கும். க்ளட்ச் பக்க சீல் போனால் கியர் ஆயில் உள்ளே உறிஞ்சப்பட்டு, புகை கக்கும், கியர்பாக்ஸில் ஆயில் மட்டம் குறையும். அதாவது வண்டியே சொல்லிக்கொடுத்துவிடும். மேக்னெட் பக்க சீல் போனால் வெளியே ஒன்றும் தெரியாது. வெறும் காற்று உள்ளே நுழைந்து மிக்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவையை) மெலிதாக்கி, ஒரு நாள் பிஸ்டனில் ஓட்டை போட்டுவிடும்.

நான் இதில் நன்றாக அடிபட்டவன். த்ராட்டிலை விட்ட பிறகும் ஆர்பிஎம் இறங்காமல் தொங்கியது. ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளைத் திருகு) சின்னதாகிவிட்டது என்று நினைத்து இரண்டு வாரம் ஜெட்டாக மாற்றிக்கொண்டிருந்தேன். கடைசியில் எக்ஸாஸ்ட் துவாரத்தையும் இன்டேக்கையும் அடைத்து, சின்ன கைப்பம்பால் 6 பிஎஸ்ஐ காற்றழுத்தம் ஏற்றினேன். கேஜ் முள் கண்ணெதிரே இறங்கியது. மேக்னெட் பக்க ஃப்ளைவீலைக் கழற்றி சோப்புத் தண்ணீர் விட்டதும், சீல் ஓரத்தில் குட்டிக் குட்டியாகக் குமிழிகள். சீலின் விலை, நான் வாங்கி வீணாக்கிய ஜெட்டுகளைவிடக் குறைவு. முள் சில நிமிடங்களுக்கு அசையாமல் நிற்க வேண்டும். மெல்ல இறங்கினாலும் நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐக்கு மேல் போகக்கூடாது. 6க்கு மேல் நிறைய ஏற்றவும் வேண்டாம், சீலே பிதுங்கி வெளியே வந்துவிடும். பான்ஷீயில் கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் பூட்டுகளையும் வளைத்துப் பாருங்கள், விரிசல் விட்டிருக்கும்.

காற்றுக்கசிவு இல்லை என்று உறுதியான பிறகே ஜெட்டிங்கைத் தொட வேண்டும். இங்கே எல்லோரும் மெயின் ஜெட்டை மட்டுமே மாற்றுகிறார்கள், அதுவும் வேறு யாரோ சொன்ன எண்ணுக்கு. அவர் ஓட்டும் இடத்தின் உயரம், வெப்பம், பைப் எல்லாம் வேறு. மெயின் ஜெட் த்ராட்டிலின் கடைசிக் கால் பங்கில்தான் முழுதாக வேலை செய்கிறது. மோட்டோகிராஸில் உங்கள் கட்டைவிரல் அதிக நேரம் இருப்பது நடுப்பகுதியில். அது த்ராட்டிலோடு ஏறி இறங்கும் கார்புரேட்டர் ஊசியின் ராஜ்யம், அதன் கிளிப்பை ஒரு பள்ளம் மாற்றினாலே வண்டியின் குணம் மாறும். எப்போதும் ரிச் (பெட்ரோல் அதிகமான) பக்கத்திலிருந்து ஆரம்பித்துக் குறைத்து வாருங்கள். இன்னொன்று: பாதுகாப்புக்கு என்று பெட்ரோலில் ஆயிலைக் கூட்டிக் கலப்பவர்கள் உண்டு. அதே ஜெட் வழியாக ஆயில் கூடுதலாகப் போனால் பெட்ரோல் குறைவாகப் போகும், மிக்சர் லீனாகும், அதாவது மெலியும். 32:1 என்று ஜெட்டிங் செய்தால் (32 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு ஆயில், லிட்டருக்கு 31 மில்லி) அதையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

சரி, பவர். பான்ஷீயின் எஞ்சின் ஆர்இசட்350 பைக்கிலிருந்து வந்த 347 சிசி இரட்டை சிலிண்டர். ஆர்பிஎம் மேலே ஏறினால் வெறி, கீழே தூக்கம். அதற்கு மணல்மேட்டு டிராக் ரேஸ் பைப்பைப் போட்டால் அந்த வெறி இன்னும் மேலே தள்ளிப்போகும். நேர்க்கோட்டில் சுகம்தான், ஆனால் வளைவிலிருந்து வெளியே வரும்போது எஞ்சின் பேசாது, பேசும்போது பின்சக்கரம் சும்மா சுற்றும். மோட்டோகிராஸுக்கு வேண்டியது நடு ஆர்பிஎம் இழுவை. எக்ஸாஸ்ட் போர்ட்டை உயர்த்தி வெட்டிய சிலிண்டரும் இதே கதைதான், வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. கம்ப்ரஷன் அதிகமான ஹெட்டைப் போட்டு பங்க் பெட்ரோல் ஊற்றினால் டெட்டனேஷன் (கலவை சீராக எரியாமல் வெடிப்பது) வரும். பிஸ்டன் விளிம்பு மணல் தாளால் தேய்த்தது போலச் சொரசொரப்பாகியிருந்தால் அதுதான் காரணம்.

ஷாக்கில் ஒரு வேடிக்கை உண்டு. சர்வீஸே பார்க்காத ஷாக்கில் ரீபவுண்ட் ஸ்க்ரூவைத் (அமுங்கிய ஷாக் திரும்ப எழும் வேகத்தை மாற்றும் திருகு) திருகித் திருகிப் பார்ப்பார்கள். உள்ளே ஆயில் கருத்து, நைட்ரஜன் போய், சீல் கசிந்துகொண்டிருக்கும். எத்தனை க்ளிக் திருகினாலும் செத்த ஆயில் செத்த ஆயில்தான். முதலில் சர்வீஸ், அப்புறம் உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங். ஹெல்மெட், பூட்ஸ் எல்லாம் போட்டு வண்டியில் உட்கார்ந்து, மொத்த டிராவலில் (சக்கரம் மேலும் கீழும் நகரும் தூரத்தில்) ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமர்கிறதா என்று இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள்.

நீளமான ஏ-ஆர்ம் வாங்கி, பழைய ஷாக்கையே மாட்டுவது இதன் தம்பி. ஆர்ம் நீண்டால் நெம்புகோலும் நீளும், அதே ஸ்பிரிங் இப்போது மெத்தையாகிவிடும், வண்டி தரையில் போய் முட்டும். ஆர்முக்கு ஏற்ற ஷாக்கும் டை ராடும் (ஸ்டீயரிங்கை முன்சக்கரத்தோடு இணைக்கும் கம்பி) சேர்ந்தேதான் வர வேண்டும். மோட்டோகிராஸ் குவாடுகள் வழக்கமாக 50 அங்குல அகலத்தை ஒட்டி நிற்கும். பின் ஆக்சிலை மட்டும் அகலமாக்கி முன்பக்கத்தைக் குறுகலாக விட்டால் வளைவில் வண்டி திரும்ப மறுத்து நேராக ஓடும். டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) அளக்கும்போது ஆளை ஏற்றி அளங்கள், முன்சக்கரங்களின் முன்விளிம்பு இடைவெளி பின்விளிம்பு இடைவெளியைவிட 3 முதல் 6 மில்லிமீட்டர் குறுகி இருந்தால் போதும்.

டயரில், முன்னே 20 அங்குலமும் பின்னே 18 அங்குலமும் மோட்டோகிராஸுக்கு வழக்கம். பழைய வண்டியில் 20 அங்குலப் பின் டயர் இருந்திருந்தால், 18க்கு இறங்கும்போது கியரிங்கும் 10 சதவீதம் இறங்குகிறது. நேரான பாதையில் எஞ்சின் சீக்கிரமே கத்தித் தீர்ந்துவிடும். பின் ஸ்ப்ராக்கெட்டில் சில பற்களைக் குறைத்துப் பாருங்கள்.

செயின் இறுக்கத்தை ஸ்டாண்டில் வைத்து முடிவு செய்யாதீர்கள். ஷாக்கைக் கழற்றி ஸ்விங்ஆர்மை மேலும் கீழும் ஆட்டினால், முன் ஸ்ப்ராக்கெட்டும் பிவட்டும் ஆக்சிலும் ஒரே கோட்டில் வரும் இடத்தில் செயின் அதிகபட்சமாக இழுபடும். அங்கேயும் கொஞ்சம் தளர்வு மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் கியர்பாக்ஸ் பேரிங்தான் அடி வாங்கும். கேரியரின் (பின் ஆக்சில் பேரிங்கைத் தாங்கும் கூடு) பிஞ்ச் போல்ட்டும் ஆக்சில் நட்டும் தளர்ந்துபோவது இந்த வண்டிகளுக்குப் பழக்கம். த்ரெட் லாக் போட்டு இறுக்கி, நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்து வையுங்கள். ஒவ்வொரு மோட்டோவுக்கு (ரேஸின் ஒரு சுற்று) பிறகும் கோடு நேராக இருக்கிறதா என்று ஒரு பார்வை போதும்.

மணிக்கட்டில் கட்டும் கில் சுவிட்ச் கயிறு (ஆள் விழுந்தால் எஞ்சினை நிறுத்துவது), நெர்ஃப் பார் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே வலையோடு வரும் பக்கக் கம்பி), ஹீல் கார்டு (குதிகாலுக்குப் பின்னால் வரும் தடுப்பு) மூன்றும் இல்லாமல் பெரும்பாலான ரேஸ்களில் உள்ளேயே விடமாட்டார்கள். நெர்ஃப் பாரின் வலை பழசாகி நைந்திருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள். கால் நழுவினால் நேரே பின்சக்கரத்துக்கு அடியில்தான் போகும்.