என்பிஎம்-இலிருந்து பிஎன்பிஎம்-க்கு: பழைய லாக் ஃபைலை உடனே அழித்துவிடாதீர்கள்

என் ஆபீஸ் லேப்டாப்பில் மொத்தமே 256 ஜிபிதான். அதில் நான் பார்த்துக்கொள்ளும் நோடு (ஜாவாஸ்கிரிப்ட்டை சர்வரில் ஓட்டும் தளம்) புராஜெக்ட்கள் ஆறு. ஆறிலும் எக்ஸ்பிரஸ், ஆறிலும் டைப்ஸ்கிரிப்ட் என்று அதே பேக்கேஜ்கள், அதாவது பிறர் எழுதித் தந்த ஆயத்தக் கோடு. பேக்கேஜ்களை இறக்கி நிறுவும் என்பிஎம் ஒவ்வொன்றின் நோடு மாட்யூல்ஸ் ஃபோல்டருக்குள்ளும் அதையெல்லாம் தனித்தனியாக இறக்கி வைத்திருந்தது. டிஸ்க் நிறைந்துவிட்டதாக மூன்றாவது முறை எச்சரிக்கை வந்த அன்று, அதே வேலையைச் செய்யும் பிஎன்பிஎம்-க்கு மாறினேன். அது பேக்கேஜை ஒரு பொதுக் கிடங்கில் ஒரே தடவை வைத்துவிட்டு, புராஜெக்ட்டுக்குள் ஹார்ட் லிங்க் (அதே ஃபைலுக்கு இன்னொரு பெயர்) மட்டும் போடும்.

முதல் புராஜெக்ட்டில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். நோடு மாட்யூல்ஸையும் பழைய பேக்கேஜ்-லாக் ஃபைலையும் (நிறுவிய பதிப்பு எண்களைக் குறித்து வைப்பது) சேர்த்து அழித்துவிட்டு 'பிஎன்பிஎம் இன்ஸ்டால்' அடித்தேன். பேக்கேஜ் ஜேசானில் (புராஜெக்ட் கேட்கும் பேக்கேஜ்களின் பட்டியல்) முக்கால்வாசி பதிப்பு எண்களுக்கு முன்னால் அந்தக் கூரைக் குறி (^) இருக்குமே, அதனால் எல்லாம் அனுமதித்த அளவுக்குப் புதிய பதிப்பாக வந்து இறங்கின. டெஸ்ட்கள் உடைந்தன. உடைத்தது பிஎன்பிஎம்-ஆ, புதுப் பதிப்புகளா என்று தெரியாமல் ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது.

சரியான வரிசை இதுதான். தனி பிராஞ்ச் எடுங்கள். 'என்பிஎம் இன்ஸ்டால் -ஜி பிஎன்பிஎம்' (ஆமாம், என்பிஎம்-ஐ வழியனுப்ப என்பிஎம்-தான் வேண்டும்). நோடு மாட்யூல்ஸை மட்டும் அழியுங்கள். பழைய லாக் ஃபைல் அங்கேயே இருக்க, 'பிஎன்பிஎம் இம்போர்ட்' அடியுங்கள். அது பழைய லாக் ஃபைலைப் படித்து, அதே பதிப்புகளோடு புதிய பிஎன்பிஎம்-லாக் ஃபைலை எழுதித் தரும். அதன் பிறகு பழையதை அழித்துவிட்டு 'பிஎன்பிஎம் இன்ஸ்டால்'. இவ்வளவுக்கும் பத்து நிமிஷம் ஆகாது.

அப்புறம் ஆப்பை ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஓடாது. எனக்கு வந்தது, 'பாடி-பார்சர் மாட்யூலைக் காணவில்லை' என்ற எரர். சர்வருக்கு வரும் ரிக்வெஸ்ட்டின் உள்ளடக்கத்தைப் படிக்கும் பேக்கேஜ் அது. கோடில் அதைக் கூப்பிடுகிறோம், ஆனால் பேக்கேஜ் ஜேசானில் அதன் பெயரே இல்லை. எக்ஸ்பிரஸ் தன் தேவைக்காக அதைக் கூட்டிவரும். என்பிஎம் எல்லாவற்றையும் ஒரே தட்டில் பரப்பி வைப்பதால், அழைக்காத விருந்தாளியையும் நம் கோடு எடுத்துப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. பிஎன்பிஎம் நீங்கள் கேட்டு வாங்கியதை மட்டும்தான் மேல் தட்டில் வைக்கும், மற்றதெல்லாம் உள்ளே '.பிஎன்பிஎம்' என்ற ஃபோல்டருக்குள் போய்விடும். ஆக, இது பிஎன்பிஎம்-இன் குறை இல்லை. நாம் எழுதாமல் விட்ட கணக்கு.

இங்கே 'பிஎன்பிஎம் ஆட் பாடி-பார்சர்' என்று சும்மா அடித்தால் 2-ஆம் பதிப்பு வந்துவிடும், அதன் நடத்தை வேறு. முதலில் 'பிஎன்பிஎம் ஒய் பாடி-பார்சர்' என்று கேட்டு, எந்தப் பதிப்பு ஓடிக்கொண்டிருந்தது என்று பார்த்து, அதே எண்ணைப் போட்டுச் சேருங்கள். நான் கடைசியில் அதைச் சேர்க்கவே இல்லை. எக்ஸ்பிரஸ் 4.16 முதல் அதே வேலையைச் செய்யும் 'எக்ஸ்பிரஸ்.ஜேசான்' உள்ளேயே இருக்கிறது, இரண்டு வரி மாற்றினால் போதும். எல்லாவற்றையும் பழையபடி மேல் தட்டிலேயே வைக்கும் 'ஷேம்ஃபுல்லி-ஹாய்ஸ்ட்' என்ற செட்டிங்கைப் போட்டால் இந்த எரர்கள் மொத்தமும் மறைந்துவிடும். பெயரிலேயே வெட்கம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மாலை ரிலீஸ் என்றால் போடுங்கள், திங்கட்கிழமை எடுத்துவிடுங்கள்.

அடுத்து, பிஎன்பிஎம் 10-இல் லாகின் செய்ய முடியவில்லை. காரணம், பாஸ்வேர்டை ஹாஷ் செய்யும் பிகிரிப்ட் பேக்கேஜ். அதன் 5-ஆம் பதிப்பு வரை, உள்ளே இருக்கும் சி++ பகுதி இன்ஸ்டால் நேரத்தில் ஓடும் ஸ்கிரிப்ட் மூலம்தான் வந்து சேரும். பிஎன்பிஎம் 10 அந்த மாதிரி ஸ்கிரிப்ட்களைத் தானாக ஓட்டாது. எரிச்சலாக இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 2025 செப்டம்பரில் ஷாய்-ஹுலூத் என்ற தீம்பொருள் புழு பேக்கேஜ் பேக்கேஜாகத் தாவியது இதே ஸ்கிரிப்ட் வழியாகத்தான். 'பிஎன்பிஎம் அப்ரூவ்-பில்ட்ஸ்' அடித்தால் பட்டியல் வரும், ஸ்பேஸ் தட்டி பிகிரிப்ட்டை மட்டும் தேர்வு செய்யுங்கள். அது எழுதும் மாற்றத்தையும் மறக்காமல் கமிட் செய்யுங்கள்.

சிஐ-யில் (கோடைத் தானாக பில்ட் செய்து டெஸ்ட் செய்யும் இடம்) 'என்பிஎம் சிஐ' இருந்த இடத்தில் 'பிஎன்பிஎம் இன்ஸ்டால் --ஃப்ரோசன்-லாக்ஃபைல்'. கிட்ஹப் ஆக்ஷன்ஸில் பிஎன்பிஎம் கேஷ் வைப்பதாக இருந்தால், பிஎன்பிஎம்-ஐ நிறுவும் ஸ்டெப் நோடு ஸ்டெப்புக்கு முன்னால் வரவேண்டும். டாக்கர்ஃபைலில் லாக் ஃபைலின் பெயரை மாற்றுங்கள், நான் மறந்தேன்.

ரீட்மீயையும் (புராஜெக்ட்டின் அறிமுகக் குறிப்பு) மாற்றுங்கள். எங்கள் டீமில் புதிதாகச் சேர்ந்த தம்பி அதைப் பார்த்து 'என்பிஎம் இன்ஸ்டால்' அடித்தான், மறுநாள் பழைய லாக் ஃபைல் ரிப்போவில் திரும்ப உட்கார்ந்திருந்தது. அவனைச் சொல்லி என்ன? பேக்கேஜ் ஜேசானின் 'ப்ரீஇன்ஸ்டால்' ஸ்கிரிப்ட்டில் 'என்பிஎக்ஸ் ஒன்லி-அலவ் பிஎன்பிஎம்' என்று ஒரு வரி சேர்த்தேன். இப்போது யாராவது பழக்கதோஷத்தில் அடித்தால் டெர்மினலே எரர் காட்டிவிடுகிறது. போன வாரம் அதில் மாட்டியது நானேதான்.