நசுக்கும் முன் வாயைப் பாருங்கள்: இரைவிழுங்கி நாவாய்ப்பூச்சிகளை அடையாளங்கண்டு காப்பது எப்படி?

நாவாய்ப்பூச்சி என்றதும் பயிர் வளர்ப்போரின் நினைவுக்கு வருவது, பால்பிடிக்கும் நெல்மணியை உறிஞ்சிப் பதராக்கும் கதிர்நாவாய்ப்பூச்சியோ, காய்களைக் குத்திக் கறைப்படுத்தும் நாற்றப்பூச்சியோதான். அந்தக் கெட்ட பெயரை அவை உழைத்துத்தான் சம்பாதித்திருக்கின்றன. ஆனால் அதே கூட்டத்தில், அதே உருவத்தோடும் அதே ஊசிவாயோடும், செடியின் சாற்றுக்குப் பதிலாகப் பிற பூச்சிகளின் உடற்சாற்றைக் குடித்து வாழும் இனங்களும் ஏராளமாக உள்ளன. இந்த இரண்டையும் பிரித்தறியத் தெரியாமல் நாம் செய்யும் கொலைகள் கொஞ்சநஞ்சமல்ல.

நான் தோட்டம் போடத் தொடங்கிய முதல் ஆண்டில், கேடயம் போன்ற முதுகுடைய பழுப்புப் பூச்சி எதைக் கண்டாலும் பிடித்துச் சோப்புத் தண்ணீரில் போட்டுவிடுவேன். அப்படிப் போட்ட ஒன்று, நீரில் மிதந்தபோதும் தன் வாய்முனையில் குத்தியிருந்த பச்சைப் புழுவை விடாமல் பிடித்திருந்தது. என் முட்டைக்கோஸ் இலைகளைத் துளைத்துக்கொண்டிருந்த அதே புழு. அன்று கற்றதையும் அதற்குப் பின் கற்றதையும், புதிதாகத் தொடங்குபவர் அப்படியே செய்துபார்க்கும் வகையில் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

தேவையான பொருள்கள் மிகக் குறைவு: பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, வெள்ளைத் தட்டு ஒன்று, மூடியுள்ள சிறிய கண்ணாடிக் குப்பி ஒன்று, மென்மையான ஓவியத் தூரிகை ஒன்று, ஒரு குறிப்பேடு. பூச்சியை விரலால் பிடிக்கக் கூடாது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வரும்.

முதல் படி: அது நாவாய்ப்பூச்சிதானா என்று உறுதிசெய்யுங்கள்

வண்டையும் நாவாய்ப்பூச்சியையும் குழப்பிக்கொள்வது இயல்பு. வண்டின் முன்னிறக்கைகள் இரண்டும் கெட்டியான ஓடுகளாகி, முதுகின் நடுவே நேர்க்கோட்டில் சந்திக்கும். நாவாய்ப்பூச்சியின் முன்னிறக்கையோ அடிப்பாதி தோல்போல் தடித்தும் நுனிப்பாதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும். மடக்கி வைத்திருக்கும்போது அந்தச் சவ்வுகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால் முதுகில் பெருக்கல் குறி போன்ற அமைப்பும், தோள்களுக்கு நடுவே ஒரு முக்கோணத் தகடும் தெரியும்.

இவற்றின் வளர்ச்சியில் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு பெரும்பாலும் ஐந்து முறை தோலுரித்து இறக்கையுள்ள முதிர்பூச்சியாகிறது. ஆகவே இரைவிழுங்கி இனங்களில் குஞ்சும் வேட்டையாடும், தாயும் வேட்டையாடும். இறக்கையில்லாத குஞ்சுகள் நிறத்திலும் வடிவத்திலும் தாயைவிட வெகுவாக வேறுபட்டிருக்கலாம் என்பதால், தொடக்கத்தில் ஏமாறுவது குஞ்சுகளிடம்தான்.

இரண்டாம் படி: குப்பியில் இட்டு, கவிழ்த்து, வாயைப் பாருங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பூச்சியைத் தூரிகையால் குப்பிக்குள் தள்ளி மூடி, குப்பியைத் தலைக்குமேல் உயர்த்தி அடிப்பக்கத்தை லென்ஸ் வழியே பாருங்கள். தலைக்கு அடியில், மார்போடு ஒட்டி மடக்கிய நிலையில் ஓர் உறிஞ்சுகுழல் இருக்கும்.

சாறு உறிஞ்சும் நாற்றப்பூச்சியில் அக்குழல் மெலிந்து, நூல்போல், தலையின் அடிப்பக்கத்துப் பள்ளத்தில் படிந்து கிடக்கும். அதே குடும்பத்தைச் சேர்ந்த இரைவிழுங்கியில் குழலின் முதற்கணு பருத்து, தலையோடு ஒட்டாமல் தனித்து நிற்கும். வேண்டும்போது முழுக்குழலையும் முன்னோக்கி நேராக நீட்ட அந்தத் தடித்த கணுவே உதவுகிறது. தோள்முனையில் முள் இருப்பது இரைவிழுங்கியின் அடையாளம் என்று சிலர் சொல்வதுண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம். முள்தோள் கொண்ட சாறு உறிஞ்சிகளும் உண்டு.

ரெடுவிட் என்னும் வேட்டை நாவாய்ப்பூச்சிகளில் குழல் குட்டையாக, மூன்று கணுக்களோடு, கொக்கிபோல் வளைந்து முன்கால்களுக்கு இடையே முடியும். இலைபோல் விரிந்த கால்களையுடைய சாறு உறிஞ்சி நாவாய்ப்பூச்சியின் குஞ்சுகள் பார்ப்பதற்கு ரெடுவிட் குஞ்சுகளைப் போலவே இருந்தாலும், அவற்றின் குழல் நீண்டு நேராக வயிற்றுப்பக்கம் ஓடும். மேலும் அவை காய்களின்மேல் கூட்டமாக மொய்க்கும். வளர்ந்த ரெடுவிட் குஞ்சு தனியாகவே திரியும்.

வாய்ப்புக் கிடைத்தால் ஒரு வேட்டையை முழுதாகப் பாருங்கள். தோள்முனையில் முள்ளுள்ள இரைவிழுங்கியான முள்தோள் நாவாய்ப்பூச்சி புழுவை அவசரமில்லாமல் நெருங்கி, குழலை மெல்ல நிமிர்த்தி, புழுவின் உடலில் இறக்கும். புழு துள்ளும், சுருளும், சில நேரம் இலையிலிருந்தே விழுந்து தொங்கும். பூச்சி கால்களால் இலையைப் பற்றிக்கொண்டு, தூண்டிலில் மீன் மாட்டியதுபோல் அதை விடாமல் நிற்கும். குழலுக்குள் இரண்டு வழிகள் உள்ளன. ஒன்றின் வழியாக, இரையை முடக்கி அதன் உள்ளுறுப்புகளைக் கரைக்கும் உமிழ்நீர் இறங்குகிறது. மற்றொன்றின் வழியாகக் கரைந்த கூழ் ஏறுகிறது. இறுதியில் எஞ்சுவது காற்றிறங்கிய தோல் மட்டுமே. செடியில் சுருங்கி உலர்ந்த புழுத்தோல்கள் தென்பட்டால் அதை நல்ல அறிகுறியாகக் கொள்ளலாம். தலைகீழாகத் தொங்கி, தொட்டால் உடைந்து நீராக வழியும் புழு நச்சுயிரி நோயால் செத்தது. அதற்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை.

மூன்றாம் படி: யார் எங்கே இருப்பார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பூக்களுக்குள் தேட வேண்டியது ஓரியஸ். இரண்டு முதல் மூன்று மில்லிமீட்டர் நீளம்தான். கறுத்த உடலில் வெள்ளைத் திட்டுகள் இருக்கும். குஞ்சு செம்மஞ்சள் நிறத்தில் நீர்த்துளி வடிவில், சிவந்த கண்களோடு இருக்கும். இலைப்பேன் (த்ரிப்ஸ்), அசுவினி, சிலந்திப்பேன், அந்துப்பூச்சி முட்டை என்று தன் அளவுக்கு ஏற்ற எதையும் இது விடுவதில்லை. இரை குறைந்தால் மகரந்தத்தை உண்டு காலம் தள்ளும். இலைப்பேனுக்கு எதிராக இதற்கு இணையான துணை எனக்குத் தெரிந்து வேறில்லை, ஏனென்றால் மருந்துத் துளி எட்டாத பூவின் இடுக்குக்குள் இது தானே நுழைகிறது.

தரையோரத்தில் ஓடித்திரியும், தலையைவிடக் கண்கள் பெரிதோ என்று எண்ண வைக்கும் சிறு பூச்சி ஜியோகோரிஸ். மெலிந்து நீண்ட பழுப்பு உடலோடு புல்லிலும் பயறுவகைச் செடிகளிலும் திரிவது நாபிஸ். இரண்டும் முட்டைகளையும் சிறு புழுக்களையும் தின்னும்.

ரெடுவிட் குடும்பத்தில் உலகெங்கும் ஏறத்தாழ 7,000 இனங்கள் உள்ளன. இவை பெரிய புழுக்களையும் வண்டுகளையும்கூட வீழ்த்தும். ஆனால் அசுவினியைத் தின்னும் பொறிவண்டையோ பூவுக்கு வரும் தேனீயையோ விட்டுவைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. இரையில் வேறுபாடு பார்க்கும் பழக்கம் இவற்றுக்கு இல்லை. இவற்றைக் கையால் பிடித்தால் குத்தும், அந்த வலி குளவிக் கொட்டுக்குக் குறைந்ததன்று. மனித இரத்தம் குடித்துச் சாகாஸ் நோயைப் பரப்பும் அமெரிக்கக் கண்டத்து இனங்களும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. எனவே வீட்டுக்குள், படுக்கையருகே காணும் நாவாய்ப்பூச்சியைத் தோட்டத்து நண்பன் என்று எண்ணி வரவேற்க வேண்டாம்.

மிரிட் குடும்பத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நெல்வயலில், பயிரின் சாற்றை உறிஞ்சும் புகையான் என்னும் தத்துப்பூச்சியின் முட்டைகளை, அவை தண்டுத் திசுவுக்குள் புதைந்திருந்தாலும், தேடிக் குத்தி உறிஞ்சுவது பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சி. ஹவாயில் கரும்பைப் பாழாக்கிய தத்துப்பூச்சியை அடக்க, அதன் முட்டையை உறிஞ்சும் ஒரு மிரிட் இனம் 1920-இல் பசிபிக் வட்டாரத்திலிருந்து கொண்டுவரப்பட்டது. சில ஆண்டுகளில் அந்தப் பூச்சியின் கொட்டம் அடங்கியது. அதே குடும்பத்தில், தக்காளியில் வெள்ளை ஈயைத் தின்னும் நெசிடியோகோரிஸ் என்பது இரை தீர்ந்ததும் தக்காளித் தண்டையே குத்திப் பழுப்பு வளையங்களை உண்டாக்கிவிடும். வளையம் விழுந்த தண்டு எளிதில் முறியும். இதை நண்பனாகக் கொள்வதா பகையாகக் கொள்வதா என்பது அந்த வாரத்தில் செடியில் எத்தனை வெள்ளை ஈ இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

நான்காம் படி: தட்டி எண்ணுங்கள்

காலை வெயில் ஏறுமுன், பூவும் இளந்தளிரும் உள்ள கிளையை வெள்ளைத் தட்டுக்கு மேலே பிடித்து மூன்று முறை தட்டுங்கள். மெல்லிய கோடுபோல் ஊர்பவை இலைப்பேன்கள். அவற்றுக்கிடையே முட்டை வடிவத்தில் விறுவிறுவென்று திசைமாறி ஓடுபவை ஓரியஸ். செடிக்குச் செடி மாறி, பத்து இடங்களில் இவ்வாறு தட்டி இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரே நாளின் எண்ணிக்கையைக் கொண்டு முடிவெடுக்காதீர்கள். வாரம் ஒரு முறை எண்ணி, பகைப்பூச்சி ஏறுகிறதா இறங்குகிறதா என்று பாருங்கள். குடைமிளகாய் வயல்களில் ஏறத்தாழ 40 இலைப்பேனுக்கு ஓர் ஓரியஸ் இருந்தாலே இலைப்பேன் கட்டுக்குள் வந்துவிடுவது கண்டறியப்பட்டிருக்கிறது. இந்தக் கணக்கு எல்லாப் பயிருக்கும் பொருந்தாது. ஆனாலும் சமமான எண்ணிக்கையில் இல்லையே என்று பதறி மருந்துக் குப்பியைத் தேட வேண்டாம் என்பதற்கு இது போதுமான சான்று.

ஐந்தாம் படி: முட்டைகளைக் காப்பாற்றுங்கள்

இலையடியில் முட்டைக் குவியலைக் கண்டால் கை தானாகவே நசுக்கப் போகும். சற்றுப் பொறுங்கள். முள்தோள் இரைவிழுங்கியின் முட்டைகள் சிறு பீப்பாய் வடிவில் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றின் மூடியைச் சுற்றியும் கண்ணிமை மயிர்போல் நீண்ட முட்கள் வளையமாக நிற்பது லென்ஸில் தெளிவாகத் தெரியும். சாறு உறிஞ்சிகளின் முட்டைகளில் அந்த முட்கள் மிகக் குட்டையாகவோ இல்லாமலோ இருக்கும். ரெடுவிட்டின் முட்டைகள் நெருக்கி நிறுத்திய குப்பிகளைப் போல் இருக்கும். ஓரியஸ் தன் முட்டையைச் செடித் திசுவுக்குள் செருகிவிடுவதால் கண்ணுக்குத் தெரியாது. அதனாலேயே, நன்றாக இருக்கும் தளிர்களையும் பூக்களையும் காரணமின்றி கிள்ளி எறியாமலிருப்பது நல்லது.

முடிவு செய்ய இயலாவிட்டால், முட்டையுள்ள இலைத் துண்டைக் குப்பியிலிட்டு, வாயை மெல்லிய துணியால் கட்டிப் பொரிக்கும்வரை காத்திருக்கலாம். முதற்பருவக் குஞ்சுகள் இரை தேடாமல் ஈரத்தை மட்டும் உறிஞ்சிக் கூட்டமாகக் கிடக்கும் என்பதால், அந்தப் பருவத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். முதல் தோலுரிப்புக்குப் பின் ஒரு சிறு புழுவை உள்ளே விட்டால் விடை கிடைத்துவிடும். வேறு இரை கொடுக்காமல் அடைத்து வைத்தால் அவை ஒன்றையொன்று தின்னும்.

ஆறாம் படி: தெளிப்பைக் குறையுங்கள்

எதையும் கொல்லும் பூச்சிக்கொல்லியைத் தெளித்தால் பகையும் துணையும் சேர்ந்தே சாகும். ஆனால் பகைப்பூச்சி விரைவில் மீண்டும் பெருகும், அதைத் தின்னும் பூச்சி பின்தங்கும். புகையான் மருந்தடித்த வயல்களிலேயே முன்னைவிட வேகமாகப் பெருகியதற்கு இதுவே முதன்மையான காரணம். வேர்வழி ஊடுருவும் மருந்து இரைவிழுங்கியைத் தொடாது என்றும் எண்ண வேண்டாம். இவற்றில் பல இனங்கள் ஈரத்துக்காகச் செடியின் சாற்றையும் சிறிது பருகும். அதோடு நஞ்சும் உள்ளே போய்விடும்.

அசுவினிக்கு முதலில் தண்ணீரை விசையாகப் பீய்ச்சிப் பாருங்கள். புழுக்களுக்கு, அவற்றின் குடலில் மட்டும் வேலை செய்யும் பி.டி. நுண்ணுயிர் மருந்து போதும். நாவாய்ப்பூச்சிகளை அது ஒன்றும் செய்வதில்லை. சோப்புக் கரைசல் இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று பலர் நம்புகிறார்கள். ஈரமாக மேலே படும்போது அது ஓரியஸ் குஞ்சையும் கொல்லும், ஆகவே பாதித்த தளிரில் மட்டும் தெளியுங்கள். அசுவினியின் தேன்கழிவுக்காக எறும்புகள் காவல் நின்றால், அவை இரைவிழுங்கிகளை விரட்டிவிடும். எறும்பின் ஏறுவழியைத் தடுத்தாலே பாதி வேலை தானாக நடக்கும்.

ஏழாம் படி: தங்க இடம் கொடுங்கள்

வரப்பிலும் பாத்தி ஓரத்திலும் சோளம், மக்காச்சோளம், சூரியகாந்தி, கொத்தமல்லி ஆகியவற்றை இரண்டு மூன்று வார இடைவெளியில் விட்டு விட்டு விதைத்தால், ஏதேனும் ஒன்று எப்போதும் மகரந்தத்தோடு நிற்கும். தரையில் வைக்கோல் மூடாக்குப் போடுவது ஜியோகோரிஸ், ரெடுவிட் ஆகியவற்றுக்கு நிழலும் மறைவிடமும் தரும். களையை ஒரே நாளில் ஒட்டுமொத்தமாக அழிக்காமல் பகுதி பகுதியாக நீக்குங்கள்.

எட்டாம் படி: வாங்கி விடுவதாக இருந்தால்

ஓரியஸ் போன்றவை வளர்த்து விற்கப்படுகின்றன. பசுமைக்குடிலுக்கு அது பொருத்தம். திறந்தவெளித் தோட்டத்தில் விட்டவை பறந்துபோக வாய்ப்பு அதிகம் என்பதால், முதலில் முந்தைய படிகளைச் செய்துவிட்டு யோசிப்பதே என் பரிந்துரை. உங்கள் வட்டாரத்தில் இயல்பாக வாழும் இனத்தை மட்டுமே வாங்குங்கள். வந்த அன்று மாலையே, வெயில் தாழ்ந்தபின், பூச்சிகள் உமியோடு அடைத்து வந்த குப்பியை மெல்லச் சுழற்றி, உமியும் பூச்சியும் கலந்ததும், இலைப்பேன் உள்ள பூக்களின் அருகே சிறு சிறு குவியலாகக் கொட்டி, ஓரிரு நாள் அந்த இடத்தில் தண்ணீர் தெளிக்காமல் விடுங்கள். இரையும் பூவும் இல்லாத செடியில் விடுவது வீண்.

இரண்டு மூன்று வாரங்கள் கழித்து அதே பூக்களை மீண்டும் வெள்ளைத் தட்டில் தட்டிப் பாருங்கள். விட்டவை எல்லாம் முதிர்பூச்சிகளாக இருந்திருந்தால், இப்போது தட்டில் ஓடும் செம்மஞ்சள் குஞ்சு ஒவ்வொன்றும் உங்கள் செடியிலேயே பொரித்தது.