சின்ன ஊரின் வரலாற்றைச் சேர்க்க: ஆள் முதலில், காகிதம் அப்புறம்

ஊர் வரலாற்றைச் சேர்த்து வைக்கலாம் என்று நாலு பேர் கூடினால் முதலில் எழும் பேச்சு கட்டடம்தான். எந்த அறையை ஒதுக்கலாம், கண்ணாடி அலமாரிக்கு யார் பணம் தருவார்கள், பெயர்ப்பலகையில் என்ன எழுதலாம். அதையெல்லாம் தள்ளி வையுங்கள் என்பேன். அலமாரி அடுத்த ஆண்டும் கிடைக்கும். தொண்ணூறு வயதுக்காரர் கிடைப்பாரா தெரியாது. சின்ன ஊர்களைப் பற்றிக் காகிதத்தில் இருப்பது ரொம்பக் கொஞ்சம். வரி, நிலம், பிறப்பு, இறப்பு, வழக்கு என்று அரசுக்குத் தேவைப்பட்ட இடங்களில் மட்டும் ஊர் தலைகாட்டியிருக்கும். மிச்சமெல்லாம் ஆட்களின் நினைவில்தான் இருக்கிறது.

எந்த ஊரிலும் ‘எல்லாம் தெரிந்தவர்’ என்று பேர் வாங்கிய ஒருவர் இருப்பார். யாரைக் கேட்டாலும் அவரிடமே அனுப்புவார்கள். அவரைப் பாருங்கள், ஆனால் அவரோடு நிறுத்திவிடாதீர்கள். பலமுறை சொல்லிச் சொல்லி அவர் கதைகள் மெருகேறிப் போயிருக்கும். இதுவரை யாரும் எதுவும் கேட்காத ஆட்களிடம்தான் புது விஷயம் கிடைக்கும்: வேறு ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த பெண்கள், கூலிவேலை செய்தவர்கள், வீடு வீடாகத் தபால் கொடுத்தவர், பிழைப்புக்காக வெளியேறியவர்கள். உள்ளூர்க்காரருக்குப் பழகிப்போய்க் கண்ணில் படாதது வந்தவர்களுக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

போவதற்கு முன் ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். ஏறத்தாழப் பத்து வயது முதல் முப்பது வயது வரை நடந்தவைதான் முதுமையில் அதிகமாக நினைவுக்கு வருகின்றன என்று நினைவாற்றலை ஆராய்ந்தவர்கள் கண்டிருக்கிறார்கள். 1940இல் பிறந்தவர் என்றால் 1950 முதல் 1970 வரை. கேள்விகளை அங்கே குவியுங்கள்.

“அது எந்த வருஷம் தாத்தா?” என்று கேட்காதீர்கள். நம் மனம் கோணக்கூடாதே என்று ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவைப்பார். “ஊருக்குக் கரண்ட் வந்த பிறகா, முன்னாலா?” என்று கேளுங்கள். “உங்கள் மூத்த பிள்ளை அப்போது நடக்க ஆரம்பித்திருந்ததா?” என்று கேளுங்கள். பிள்ளையின் பிறந்த ஆண்டு தெரியும். பாலம் கட்டிய ஆண்டு பாலத்திலேயே பொறித்திருக்கலாம். இப்படி இரண்டு பக்கமும் முளை அடித்துக்கொண்டே போனால் ஆண்டு தானாக நடுவில் வந்து சிக்கும்.

“பழைய காலத்தைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதும் பயனில்லாத கேள்வி. “அப்போதெல்லாம் நல்லா இருந்தது” என்பதோடு முடிந்துவிடும். கையில் ஒரு பழைய படத்தைக் கொடுங்கள். அதைவிட நல்லது, நடக்க முடிந்தவரோடு ஊரைச் சுற்றி நடப்பது. இந்த மேட்டுக்கு என்ன பேர், இந்தப் பாதை முன்பு எங்கே போனது, இங்கே இருந்த கிணறு யாருடையது. எந்த வரைபடத்திலும் ஏறாத இடப்பெயர்கள் இப்படித்தான் கிடைக்கும். பெரிய தாளில் கையாலேயே வரைபடம் போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள், அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நடக்க முடியாதவர் முன் அதே தாளை விரித்தால், “அது தப்பு, கிணறு இந்தப் பக்கம்” என்று அவரே பென்சிலை வாங்கிக்கொள்வார்.

ஒலிப்பதிவுக்கு செல்போன் போதும். ஃபிளைட் மோடில் போட்டு, பேசுபவரிடமிருந்து ஒரு கை நீளத்துக்குள் வையுங்கள். மேஜைமேல் வைத்தால் அடியில் மடித்த துணி. மின்விசிறியையும் டிவியையும் அணைக்கச் சொல்லுங்கள்; நேரில் காதுக்கு உறைக்காத விசிறிச் சத்தம் பதிவில் பெரிதாகக் கேட்கும். முடிந்தால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் பதியுங்கள். ஒற்றைத் தடமாக (மோனோ) இருந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 500 எம்பி ஆகும். தொடக்கத்தில் தேதி, இடம், பேசுபவர் பெயர், கேட்பவர் பெயர் நாலையும் வாயால் சொல்லிவிடுங்கள். கோப்பின் பெயர் மாறிப்போனாலும் குரல் உள்ளே இருக்கும். அவர் நிறுத்தும்போது நீங்கள் உடனே அடுத்த கேள்விக்குத் தாவ வேண்டாம். ஐந்தாறு விநாடி சும்மா இருங்கள், பெரும்பாலும் அதற்கப்புறம்தான் நல்லது வரும்.

அன்று இரவே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. யார் சொன்னது, எப்போது, எங்கே வைத்து, அவர் கண்ணால் பார்த்ததா, இன்னொருவர் சொல்லிக் கேட்டதா என்பதை ஒரு நோட்டில் எழுதிவிட வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சை முழுதாக எழுத்தில் கொண்டுவர நாலைந்து மணி நேரமாவது பிடிக்கும், அதற்கு ஆள் கிடைக்காமலும் போகலாம். ஆனால் எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று அரைப்பக்கக் குறிப்பு எழுத எவராலும் முடியும்.

ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார், அது நடந்தே தீரும். நடுவர் வேலை பார்க்க வேண்டாம், இரண்டையும் எழுதுங்கள். இத்தாலியில் டெர்னி என்ற எஃகு ஆலை நகரில் லூயிஜி த்ராஸ்துல்லி என்ற தொழிலாளி போலீசாரால் கொல்லப்பட்டது 1949இல், நேட்டோ என்ற ராணுவக் கூட்டணிக்கு எதிரான ஊர்வலத்தின்போது. பல ஆண்டுகள் கழித்து வரலாற்றாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி அங்கே விசாரித்தபோது, அது 1953இல் ஆலையில் பெரிய ஆட்குறைப்பு நடந்தபோது நேர்ந்தது என்றே பலரும் சொன்னார்கள். தேதி தவறுதான். ஆனால் அந்த ஊரை உண்மையில் உலுக்கியது எது என்பதை அந்தத் தவறுதான் காட்டிக்கொடுத்தது. திருத்தி எழுதியிருந்தால் அது போயிருக்கும்.

படங்களுக்கு வருவோம். கொடுத்தால் வாங்கி வராதீர்கள். அவர்கள் வீட்டிலேயே படியெடுத்துவிட்டு மூலத்தை அங்கேயே விடுங்கள். தொலைந்தால் வரும் மனக்கசப்பு தலைமுறைக்கும் போகாது. ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு இத்தனை புள்ளிகள்) நுணுக்கத்தில், பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200, டிஃப் (TIFF) கோப்பாக. இல்லையென்றால் ஜன்னல் ஓரம், நேர் வெயில் படாத இடத்தில், ஃபிளாஷ் இல்லாமல் செல்போனிலேயே நேர் மேலிருந்து எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்காமல் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் யாரோ எழுதிய பெயரும் அங்கேதான் இருக்கும். நீங்கள் எழுத நேர்ந்தால் மென்மையான பென்சிலால், ஓரத்தில், அழுத்தாமல். பால்பாயின்ட் பேனா முன்பக்கம் வரை தடம் போடும். கிழிந்ததை ஒட்ட செலோடேப், பாதுகாக்க லேமினேஷன் இரண்டும் வேண்டவே வேண்டாம். பழைய நெகட்டிவ் சுருளில் காடி (வினிகர்) வாடை அடித்தால் அது சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள், அதைத்தான் முதலில் படியெடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் யாராவது அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். வழக்கம்போல் அனுப்பினால் படத்தைச் சுருக்கிவிடும்.

அனுமதி. இதை வாய்வார்த்தையில் விடாதீர்கள். பதிவை மற்றவர்கள் கேட்கலாமா, அச்சிடலாமா, இணையத்தில் போடலாமா என்று மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள், அல்லது பதிவிலேயே சொல்லச் சொல்லுங்கள். நிலத்தகராறும் குடும்பச் சண்டையும் பேச்சில் வந்தே தீரும். “நான் இருக்கும்வரை இதை வெளியே விடாதே” என்றால் விடக்கூடாது, அந்தப் பகுதியைத் தனி ஃபோல்டரில் வைத்து ஃபோல்டரின் பெயரிலேயே அதை எழுதுங்கள். ஊர் சின்னது, பெயரை மறைத்தாலும் யாரென்று தெரிந்துவிடும்.

சேமிப்பைப் பற்றி யோசிக்கும்போது பிரிட்டனில் நடந்ததை நினைத்துக்கொள்கிறேன். 1086இல் எழுதிய டூம்ஸ்டே நிலப்பதிவேட்டின் 900ஆம் ஆண்டுக்காக, 1986இல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்து தங்கள் பகுதிகளைப் பற்றி எழுதியும் படமெடுத்தும் கொடுத்தார்கள். பிபிசி அதை லேசர் டிஸ்க்கில் வெளியிட்டது. இருபது ஆண்டுகள் ஆவதற்குள் அதைப் படிக்கும் கருவிகள் அருகிப்போய், தனியாகப் பாடுபட்டு மீட்க வேண்டியிருந்தது. 1086இன் தோல் ஏடுகளை இன்றும் படிக்கலாம்.

ஆகவே எல்லாவற்றுக்கும் மூன்று பிரதிகள், இரண்டு வகைக் கருவிகளில், ஒன்றாவது வேறு ஊரில். ஹார்டு டிஸ்க் ஒன்று, இணையச் சேமிப்பு ஒன்று, வெளியூரில் இருக்கும் நம்பகமான பேரனிடமோ பேத்தியிடமோ ஒன்று. பென்டிரைவை இதில் கணக்கில் சேர்க்காதீர்கள். கோப்பின் பெயர் ஆண்டு-மாதம்-நாள் என்று தொடங்கட்டும். கணினி தானாகவே வரிசைப்படுத்திவிடும். நோட்டுக்குறிப்புகளையும் முக்கியமான பேச்சுகளின் எழுத்து வடிவத்தையும் நல்ல தாளில் அச்செடுத்து பள்ளிக்கூடத்திலோ நூலகத்திலோ வையுங்கள். பேசியவர் வீட்டுக்கும் ஒரு பிரதி போக வேண்டும்.

இணையச் சேமிப்பின் கடவுச்சொல் குறைந்தது இரண்டு பேருக்காவது தெரிந்திருக்கட்டும், அதில் ஒருவர் முப்பது வயதுக்குள். ஆண்டுக்கு ஒரு நாள் குறித்துக்கொண்டு, கையில் அகப்பட்ட பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காதது இருந்தால் அன்றே இன்னொரு பிரதியிலிருந்து மாற்றிவிடுங்கள்.