டிராக் பைக்குக்கு ஸ்பான்சர் கேட்கப் போகிறீர்களா?

ஆவடிப் பக்கம் சின்னதாக ஒரு மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். ஷெட்டின் பின்பக்கம் தார்ப்பாய் போர்த்திய ஒரு யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் நிற்கிறது. நம்பர் பிளேட் இல்லை, ஹெட்லைட் இல்லை, சீட் என்ற பெயரில் ஒரு தகடும் கொஞ்சம் ஸ்பாஞ்சும். சென்னைக்கு வெளியே இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தளத்தில் டிராக் ரேஸ் (drag race), அதாவது வளைவே இல்லாத நேர் பாதையில் யார் முதலில் போய்ச் சேருகிறார் என்று பார்க்கிற பந்தயம் ஓட்டுவதற்காகவே கட்டிய வண்டி. ஓட்டுவது என் அக்கா மகன். எடை 52 கிலோ, அதுதான் அவனுடைய முதல் தகுதி.

கம்பெனிகள் டிராக் ரேஸுக்குப் போதுமான அளவு செய்கின்றனவா என்று யாராவது கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் கேட்கப் போகிற நாமும் பாதிப் பேர் தப்பாகக் கேட்கிறோம். மூன்று வருடம் நானும் அப்படித்தான் கேட்டேன். அதில் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில், கம்பெனிகள் டிராக் ரேஸுக்கு ஏன் வருவதில்லை என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். வளைந்து ஓடுகிற சர்க்யூட் ரேஸுக்குக் கம்பெனிகள் தாமாகவே வருகின்றன. டிவிஎஸ் 1994-இலிருந்து தன் வண்டிகளை மட்டும் வைத்தே ஒரு பந்தயத் தொடர் நடத்துகிறது. ஹோண்டா சின்னப் பையன்களைத் தேடிப் பிடித்துப் பயிற்சி கொடுக்கிறது. அவர்களுக்குக் கணக்கு எளிது. ஞாயிற்றுக்கிழமை ஜெயித்த வண்டியின் அண்ணன் தம்பி திங்கட்கிழமை ஷோரூமில் நிற்கும். டிராக்கில் பெரிய வகுப்பில் ஓடுவது ஹயபுசா மாதிரி வெளிநாட்டு சூப்பர்பைக். டூ ஸ்ட்ரோக் வகுப்பில் ஆர்எக்ஸ். யமஹா ஆர்எக்ஸ் 100 தயாரிப்பை நிறுத்தியது 1996-இல். என் மருமகன் அப்போது பிறக்கவே இல்லை. விற்காத வண்டி ஜெயித்தால் யமஹாவுக்கு என்ன லாபம்? அதனால் வண்டி கம்பெனிக்கு மெயில் அனுப்பி வருடத்தை வீணாக்காதீர்கள். வண்டி பழசாக ஆக அதற்கு எது அதிகமாகத் தேவைப்படுமோ, அதை விற்பவரிடம் போங்கள். ஆயில், பிஸ்டன் கிட், செயின் ஸ்ப்ராக்கெட், பேட்டரி, டயர் கடை, பெயின்ட் கடை.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது. டிராக் ரேஸ் என்றாலே ஈசிஆரில் நள்ளிரவில் பறக்கிற பையன்கள்தான் வெளியாட்கள் மனதில் வருகிறார்கள். ஒரு டீலரிடம் நாங்கள் போய் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் என் மருமகனின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைத் திறந்து பார்த்தார். மூன்றாவது வீடியோவிலேயே தம்பி வண்டலூர் ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் வீலிங் செய்துகொண்டிருந்தான். டீ வந்தது, குடித்தோம், எழுந்து வந்துவிட்டோம். அன்று ராத்திரியே எல்லாவற்றையும் அழிக்க வைத்தேன். அதன் பிறகு ரோட்டில் ஒரு தடவைகூட ஓட்டவில்லை. வீடியோவை அழித்துவிட்டு ஓட்டத்தைத் தொடர்வதில் அர்த்தமில்லை, ஸ்பான்சர் போய்விடுவார் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. உங்கள் போட்டி உரிமம், ஹெல்மெட், லெதர் சூட் இவை தெரிகிற மாதிரி நாலு படமாவது பக்கத்தின் மேலே இருக்கட்டும்.

அப்புறம் கணக்கு. “ஏதாவது பார்த்துச் செய்யுங்க சார்” என்றால் ஏதாவதுதான் கிடைக்கும். எங்களுக்குக் கிடைத்தது ஒரு தொப்பி. ஒரு வார இறுதிக்கு என்ன ஆகிறது என்று ஒரே தாளில் எழுதுங்கள்: நுழைவுக் கட்டணம், பெட்ரோல், கிளட்ச் பிளேட், பிஸ்டன் கிட், பிளக், டாடா ஏஸ் வாடகை, மூன்று பேர் சாப்பாடு. எங்களுக்கு அது 30,000-ஐத் தாண்டுகிறது. மொத்தத்தைக் காட்டிக் கேட்டால் ஆள் பின்வாங்குவார். ஒரு வரியை மட்டும் காட்டுங்கள்: “கிளட்ச் பிளேட் செலவு உங்களுடையது, அதற்கு இந்த இடம் உங்களுடையது.” யாரும் தன் பையில் இருக்கிற அளவுக்குத்தான் யோசிப்பார்கள்.

ஸ்பான்சர் பெயர் போடுகிற இடம் என்றதும் எல்லோரும் வண்டியைப் பார்க்கிறார்கள். தப்பு. டிராக் ரேஸில் ஒரு ஓட்டம் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடுகிறது. பச்சை விளக்கு எரிந்த பிறகு உங்கள் டேங்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று எவரும் படிக்கப் போவதில்லை. ஆனால் இரண்டு ஓட்டங்களுக்கு நடுவே மணிக்கணக்கில் காத்திருக்கிறோம். அப்போது ஜனங்கள் சும்மா நடந்து வருகிறார்கள், இன்ஜினை எட்டிப் பார்க்கிறார்கள், செல்ஃபி எடுக்கிறார்கள். ஆக, விற்க வேண்டிய நல்ல இடங்கள் இவை: வண்டியைத் தள்ளி வருகிற பையனின் டி-ஷர்ட் முதுகு, டூல் பாக்ஸின் மூடி, நிழலுக்குக் கட்டுகிற ஷாமியானா, ஸ்டார்ட் கோட்டில் நிற்கும்போது கேமரா நேராகப் பார்க்கிற முன்பக்கத் தகடு. நான் இவற்றை ஒரு காகிதத்தில் படம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விலை எழுதி வைத்திருக்கிறேன். பிளக்ஸ் கடைக்காரர்தான் அந்த யோசனையைக் கொடுத்தார்.

போதுமான அளவு செய்கிற கம்பெனி எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பழைய கதை உண்டு. டான் ப்ருதோம், டாம் மெக்யூவன் என்று டிராக் ரேஸில் கார் ஓட்டிய இரண்டு பேர். ஒருவருக்குப் பாம்பு, இன்னொருவருக்குக் கீரி என்று பட்டப்பெயர். மெக்யூவனின் அம்மா மேட்டல் பொம்மை கம்பெனியில் வேலை பார்த்தார். அந்த வழியாகப் பேச்சு தொடங்கி, 1970-இல் மேட்டலின் பொம்மைக் கார் ஹாட் வீல்ஸ் பெயரோடு இருவரும் ஓடினார்கள். பாம்பின் கார் மஞ்சள், கீரியின் கார் சிவப்பு. மேட்டல் பணம் கொடுத்ததோடு நிற்கவில்லை. அந்த இரண்டு கார்களையும் பொம்மையாகச் செய்து, ஓடுவதற்குப் பாதையும் சேர்த்துப் பெட்டியில் போட்டு விற்றது. டிராக் ரேஸ் நடக்கிற ஊர்ப்பக்கமே போகாத பிள்ளைகள் வீட்டுத் தரையில் பாம்பையும் கீரியையும் மோதவிட்டார்கள்.

இதை வைத்து ஸ்பான்சரை எடைபோடுங்கள். உங்களுக்குக் கொடுப்பதைத் தவிர, உங்களைப் பற்றித் தன் வாடிக்கையாளரிடம் சொல்ல அவர் ஏதாவது செய்கிறாரா? எங்களுக்கு ஒரு ஆயில் ஏஜென்சி 24 டின் கொடுத்தது. ஸ்டிக்கரும் பெரிதாகத்தான் கொடுத்தார்கள். ஆனால் எங்கள் டூ ஸ்ட்ரோக் வண்டியின் இன்ஜினுக்கு ஆகாத ஃபோர் ஸ்ட்ரோக் ஆயில். அதை என் வாடிக்கையாளர்களின் ஸ்பிளெண்டர்களில் ஊற்றித் தீர்த்தேன். வருடம் முழுக்க அவர்கள் எங்களைப் பற்றி ஒரு வரி எங்கும் போடவில்லை. அதே வருடம் எங்கள் தெரு முனைப் பிரியாணிக் கடை பாய் 5,000 ரூபாய் கொடுத்தார். ஒரே நிபந்தனை, ரேஸ் இல்லாத ஞாயிறுகளில் வண்டி மதியம் 12 மணியிலிருந்து 3 வரை கடை வாசலில் நிற்க வேண்டும். பார்சலுக்குக் காத்திருந்த கூட்டம் வண்டியைச் சுற்றி நின்றது. அங்கே நின்றவர்களில் ஒருவர் பேட்டரிக் கடைக்காரர். இப்போது டூல் பாக்ஸ் மூடி அவருடையது.

எதையும் எழுதி வாங்குங்கள். ஒரு பக்கம் போதும்: எத்தனை ரவுண்டு, எந்த இடம், எவ்வளவு, எந்தத் தேதிக்குள். மழையால் ரவுண்டு தள்ளிப்போனால் என்ன என்பதையும் சேருங்கள், சென்னையில் நவம்பர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கம்பெனியாக இருந்தால் பான் எண் கேட்பார்கள், டிடிஎஸ் என்று வரி பிடித்துக்கொண்டு தருவார்கள். பணம் குறைகிறதே என்று சண்டை போடாதீர்கள், கணக்குத் தாக்கல் செய்தால் அதற்கு வழி உண்டு.

ரேஸ் முடிந்த இரண்டு நாளைக்குள் ஒவ்வொரு ஸ்பான்சருக்கும் வாட்ஸ்அப்பில் நாலு படம், ஓட்டத்தின் நேரம் அச்சிட்ட டைம் சீட்டின் படம் ஒன்று. தோற்றாலும் அனுப்புங்கள். முதல் 60 அடியைப் போன தடவையைவிடச் சீக்கிரம் கடந்திருந்தால் அதைப் பேனாவால் வட்டமிட்டு அனுப்புவேன். பாய்க்கு அந்த எண் எதுவும் புரியாது, ஆனால் வட்டம் போட்டது பிடிக்கும். சீட்டைக் கல்லாவுக்குப் பின்னால் ஒட்டி வைத்திருக்கிறார்.

ஒரே ஆளை நம்பி உட்காராதீர்கள். அமெரிக்காவின் என்எச்ஆர்ஏ டிராக் ரேஸ் தொடருக்கு வின்ஸ்டன் சிகரெட் 1975 முதல் 2001 வரை பெயர் கொடுத்தது. 1998-இல் புகையிலைக் கம்பெனிகள் மீது கட்டுப்பாடு வந்ததும் ஒரு விளையாட்டு ஸ்பான்சர்ஷிப்பைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்ற நிலைமை. வின்ஸ்டன் நாஸ்கார் என்ற கார் பந்தயத் தொடரை வைத்துக்கொண்டு இதை விட்டுவிட்டது. பிறகு வந்த கோகோ கோலா 2020-இல் விலகியபோது விஷயம் கோர்ட்டு வரை போனது. அதே தொடரில் 16 முறை சாம்பியனான ஜான் ஃபோர்ஸே 2014 முடிவில் ஃபோர்டையும் காஸ்ட்ராலையும் ஒரே நேரத்தில் இழந்தார். அவருக்கே அந்தக் கதி என்றால் ஆவடி ஷெட்டுக்கு என்ன? அதனால் ஐந்து பேரிடம் ஐயாயிரம் வாங்குகிறேன்.

டேங்க்கின் இடது பக்கம் மட்டும் இந்த வருடமும் காலியாக இருக்கிறது. விலை 8,000. வலது பக்கம் பாயுடைய சேவல் படம், அதற்குப் பக்கத்தில் இருக்கச் சம்மதம் என்றால் 7,000-க்குத் தரலாம்.