சிறுநீரிலிருந்து வெண்படிக உரம்: தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

வீட்டுக் கழிவுநீரில் சிறுநீரின் அளவு நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் அந்தக் கழிவுநீரில் உள்ள தழைச்சத்தில் (நைட்ரஜன்) ஏறத்தாழ 80 சதவீதமும் மணிச்சத்தில் (பாஸ்பரஸ்) பாதியும் அதற்குள்தான் அடங்கியிருக்கின்றன. குளித்த நீரோடும் துவைத்த நீரோடும் கலந்துவிட்டால், திரும்பப் பிரிக்க ஓர் ஆலையே வேண்டும். கலப்பதற்கு முன் பிடித்துவிட்டால் ஒரு வாளியும் பழைய துணியும் போதும். சிற்றூர்கள் பிந்தைய வழியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

1669-இல் ஹென்னிக் பிராண்ட் என்பவர் பொன் கிடைக்கும் என்று நம்பிச் சிறுநீரைக் காய்ச்சினார், கிடைத்தது பாஸ்பரஸ். மணிச்சத்து என்று நாம் சொல்வதன் மூலப்பொருள் அதுதான். நமக்குக் காய்ச்சும் வேலை இல்லை; உப்புச் சேர்த்து அதைப் படிகமாக்கி வடித்தால் போதும்.

தேவையானவை: மூடியுள்ள 20 லிட்டர் பிளாஸ்டிக் கேன், வாளி, நெருக்கமாக நெய்த பருத்தித் துணி, எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்), கையுறை. உலோகப் பாத்திரம் வேண்டாம். சிறுநீர் அதை அரித்துவிடும்.

படி 1: சேகரித்தல்
மலமோ தண்ணீரோ கலக்காமல் சேகரியுங்கள். மலம் கலந்தால் நோய்க்கிருமியும் கூடவே வரும். ஆன்டிபயாட்டிக் சாப்பிடுகிறவர்களின் பங்கை விட்டுவிடுவது நல்லது. கேனைக் கழுத்து வரை நிரப்பி இறுக்கி மூடுங்கள். உள்ளே காலி இடம் குறைந்தால் அம்மோனியா இழப்பும் குறையும்.

படி 2: காத்திருத்தல்
பலர் சறுக்குவது இங்கேதான். நானும் சறுக்கினேன். முதல் முறை அன்று பிடித்ததிலேயே உப்பைக் கொட்டி, மாலை வரை வாளியை எட்டி எட்டிப் பார்த்தேன். வாளியின் அடியில் ஒன்றும் இல்லை. புதிய சிறுநீரில் யூரியா அப்படியே இருக்கும். அமிலத்தன்மையும் சற்று இருக்கும். நாள் செல்லச் செல்ல நுண்ணுயிர்கள் யூரியாவை அம்மோனியாவாக உடைக்கின்றன, அமிலமா காரமா என்று காட்டும் பி.எச். அளவு 9-ஐ நெருங்குகிறது. படிகம் பிறப்பதற்கு அந்தக் காரத்தன்மை வேண்டும். இந்த மாற்றத்துக்குச் சில வாரங்கள் போதும். ஆனாலும் ஆறு மாதம் வைத்திருங்கள்: 20 டிகிரி செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் ஆறு மாதம் மூடிவைத்த சிறுநீரை எந்தப் பயிருக்கும் இடலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2006-ஆம் ஆண்டு வழிகாட்டி.

படி 3: உப்புச் சேர்த்தல்
காற்றோட்டமான இடத்தில் கேனைத் திறந்து வாளியில் ஊற்றுங்கள். முகத்தைத் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள்; நெடி கண்ணைக் கரிக்கும். 20 லிட்டருக்கு 50 முதல் 60 கிராம் எப்சம் உப்பைப் போட்டுப் பத்து நிமிடம் விடாமல் கலக்குங்கள். தெளிந்திருந்த நீர் மெல்லக் கலங்கும். உள்ளங்கையளவு எடுத்து வெயிலில் சாய்த்தால், மணல் துகளைவிட நுண்ணிய மினுக்கங்கள் மிதப்பது தெரியும். அவற்றுக்கு ஸ்ட்ரூவைட் என்று பெயர்: மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் நீரோடு கைகோத்த படிகம்.

படி 4: வடித்தல், உலர்த்தல்
தெளியவிட்டு, துணியில் வடித்து, நிழலில் உலர்த்துங்கள். அடுப்பருகே வேண்டாம், சுமார் 55 டிகிரியைத் தாண்டினால் படிகம் அம்மோனியாவை இழக்கத் தொடங்கும். 20 லிட்டருக்கு 20 முதல் 40 கிராம் வெண்தூள் தேறும். இவ்வளவுதானா என்று தோன்றும். மெல்லக் கரையும் உரம் என்பதால், நடவின்போதே வேர் படும் இடத்தில் கலந்துவிடுங்கள். கேனின் அடியில் ஒட்டியிருக்கும் வண்டலும் மணிச்சத்துதான், சுரண்டிச் சேர்த்துக்கொள்ளலாம். தூளைத் தொடும்போதும் கையுறை இருக்கட்டும்.

படி 5: வடிந்த நீர்
படிகத்தின் அழகில் மயங்கி இதைச் சாக்கடையில் கொட்டுகிறவர்கள் உண்டு. கொட்டாதீர்கள். தூளுக்குள் போனது பெரும்பாலும் மணிச்சத்து; தழைச்சத்தின் பெரும்பகுதியும் சாம்பல்சத்தும் (பொட்டாசியம்) இன்னும் இந்த நீரில்தான் இருக்கின்றன. உழைப்புக்குக் கூடுதல் பலன் தருவது இதுவே என்பேன். ஒரு பங்குக்கு மூன்று முதல் பத்துப் பங்கு தண்ணீர் சேர்த்து, செடியிலிருந்து ஒரு சாண் தள்ளிச் சிறு பள்ளம் பறித்து ஊற்றுங்கள். இலையில் படக்கூடாது. ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பயிர்க் காலம் முழுவதற்கும், தண்ணீர் சேர்க்காத கணக்கில் சுமார் ஒன்றரை லிட்டர் போதும். மிஞ்சினால் மண்ணில் உப்பேறும். அறுவடைக்கு ஒரு மாதம் முன்பே நிறுத்திவிடுங்கள்.

ஊற்றிய கையோடு பள்ளத்தை மண்ணால் மூடுங்கள். மூடிய பிறகும் நெடி வந்தால் தழைச்சத்து காற்றில் போகிறது என்று பொருள். இன்னும் இரண்டு கை மண் தள்ளுங்கள்.